எத்தனை பீப்பாய்? மக்காண்டோ கசிவும் கரையோர மக்களின் அவநம்பிக்கையும்

அவைத்தலைவர் அவர்களே, ஆன்றோர்களே, மாணவ நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம். 2010ஆம் ஆண்டு மெக்சிகோ வளைகுடாவில் நேர்ந்த எண்ணெய்க் கசிவின் ஒரு பகுதியை மட்டும் இன்று எடுத்துக்கொண்டு பேச விரும்புகிறேன். அந்தக் கசிவை அடக்கும் பொறுப்பில் இருந்த பி.பி. என்ற பிரிட்டிஷ் எண்ணெய் நிறுவனம் சொன்ன எதையும் கரையோர மக்கள் ஏன் நம்ப மறுத்தார்கள் என்பதே என் கேள்வி. ஆத்திரத்தில் இருந்தவர்கள் எதைச் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார்கள் என்று சிலர் இதற்கு எளிதாகப் பதில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அந்தப் பதிலில் உடன்பாடு இல்லை. பீப்பாய்க்கு இவ்வளவு என்று அபராதம் கட்ட வேண்டிய நிறுவனமே, எத்தனை பீப்பாய் வெளியேறியது என்று ஊருக்குச் சொல்லும் இடத்திலும் அமர்ந்திருந்தது. மக்கள் அதைக் கவனித்தார்கள். அவர்களுடைய அவநம்பிக்கையைக் கணக்குத் தெரிந்தவர்களின் எச்சரிக்கை என்றே நான் கருதுகிறேன்.

நடந்ததைச் சுருக்கமாக நினைவுபடுத்துகிறேன். லூயிசியானா கரையிலிருந்து சுமார் 66 கிலோமீட்டர் தொலைவில், ஏறத்தாழ 1,500 மீட்டர் ஆழமுள்ள கடலில், மக்காண்டோ என்ற கிணற்றை பி.பி. தோண்டிக்கொண்டிருந்தது. துளையிட்ட 'டீப்வாட்டர் ஹொரைசன்' மேடை டிரான்ஸ்ஓஷன் நிறுவனத்துக்குச் சொந்தமானது. கிணற்றுக்குச் சிமெண்ட் பூசும் வேலையை ஹாலிபர்ட்டன் செய்தது. ஏப்ரல் 20ஆம் தேதி இரவு கிணற்றிலிருந்து பீறிட்டு வந்த எரிவாயு தீப்பற்றி வெடித்ததில் 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். 22ஆம் தேதி மேடை கடலில் மூழ்கியது. ஆபத்து நேரத்தில் கிணற்றின் வாயை இறுக மூடியிருக்க வேண்டிய தடுப்புக் கருவி மூடவில்லை. எண்ணெய் வெளியேறுவதை நிறுத்த 87 நாட்கள் ஆயின.

இனி எண்களுக்கு வருகிறேன்; நம்பிக்கை முதலில் உடைந்தது அங்கேதான். மேடை மூழ்கிய மறுநாள், கசிவு எதுவும் தென்படவில்லை என்று கடலோரக் காவற்படை அறிவித்தது. 24ஆம் தேதி, நாளொன்றுக்கு 1,000 பீப்பாய் கசிவதாகச் சொன்னார்கள். 28ஆம் தேதி அது 5,000 பீப்பாய் ஆனது. அந்த 5,000 என்ற எண், கடல் மேற்பரப்பில் தெரிந்த எண்ணெய்ப் படலத்தைப் பார்த்து அரசு விஞ்ஞானிகள் அவசரத்தில் போட்ட உத்தேசக் கணக்கு. ஆனாலும் அது ஏறத்தாழ ஒரு மாத காலம் அதிகாரபூர்வ எண்ணாகவே நிலைத்திருந்தது. மே 27இல் 12,000 முதல் 19,000 வரை. ஜூன் 10இல் 20,000 முதல் 40,000 வரை. ஜூன் 15இல் 35,000 முதல் 60,000 வரை. கடைசியில் ஆகஸ்ட் மாதம், தொடக்கத்தில் நாளொன்றுக்கு 62,000 பீப்பாயாக இருந்த ஓட்டம் படிப்படியாக 53,000 ஆகக் குறைந்தது என்று அரசு முடிவுக்கு வந்தது. அறிவிப்பு மாறியபோதெல்லாம் எண் மேலேதான் போனது. தவறு தற்செயலாக நேர்ந்திருந்தால் ஒரு முறையாவது எதிர்த்திசையில் நேர்ந்திருக்கலாமே என்று ஒரு மீனவர் யோசித்திருந்தால், அவரைச் சந்தேகப் பிராணி என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆழ்கடலில் அளப்பது கடினம் என்பது உண்மை. அளக்க முயலவே வேண்டாம் என்று இருந்துவிட்டதுதான் சிக்கல். தொலைவிலிருந்து இயக்கப்பட்ட கடலடிக் கருவிகளின் கேமராக்கள், உடைந்த குழாயிலிருந்து எண்ணெய் பீறிடுவதை இரவுபகலாகப் படம்பிடித்துக்கொண்டிருந்தன. அந்தக் காட்சி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறைகளுக்கு நேரலையாக வந்துகொண்டிருந்தது. பொதுமக்களுக்கோ மூன்று வாரம் கழித்து, மே 12ஆம் தேதி, 30 விநாடி ஓடும் ஒரு துண்டு மட்டும் கிடைத்தது. அந்த 30 விநாடியை வைத்துக்கொண்டு பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் வீர்லி என்ற பொறியியல் பேராசிரியர், எண்ணெயில் தெரிந்த சுழல்கள் ஒரு படச்சட்டத்திலிருந்து அடுத்ததற்குள் எவ்வளவு தூரம் நகர்கின்றன என்று கணினியில் அளந்து, நாளொன்றுக்கு 70,000 பீப்பாய் வெளியேறுகிறது, இதில் 20 சதவீதம் கூடலாம் அல்லது குறையலாம் என்று சொன்னார். அரசின் இறுதிக் கணக்குக்கு அவ்வளவு அருகில் அன்றைக்கு வேறு எந்த அதிகாரபூர்வ எண்ணும் இல்லை. மாசசூசெட்ஸின் உட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தார் ஒலியலைக் கருவிகளோடு அளக்கத் தயாராக இருந்தபோது, இப்போது வர வேண்டாம் என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அளவைக் கணக்கிடுவது கசிவை நிறுத்தும் பணிக்குத் தொடர்பற்றது, அந்தப் பணிக்கு அது இடையூறாகக்கூட ஆகலாம் என்று நிறுவனத்தின் செய்தித் தொடர்பாளர் விளக்கம் தந்தார். அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசின் உறுப்பினர் எட்வர்ட் மார்க்கி விடாமல் நெருக்கிய பிறகே நேரலை மக்களின் பார்வைக்கு வந்தது.

தொடர்பற்றது என்ற அந்த விளக்கம் எவ்வளவு தூரம் நிற்கும் என்று பார்ப்போம். அன்றைய தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டப்படி, கடலில் கொட்டிய ஒவ்வொரு பீப்பாய்க்கும் 1,100 டாலர் வரையும், கடும் அலட்சியம் மெய்ப்பிக்கப்பட்டால் 4,300 டாலர் வரையும் அபராதம் விதிக்க முடிந்தது. நாளொன்றுக்கு 5,000 பீப்பாய் வீதம் 87 நாளுக்குக் கணக்கிட்டால் 4,35,000 பீப்பாய். உச்ச அளவு அபராதமே 187 கோடி டாலரைத்தான் தொடும். நீதிமன்றம் பின்னாளில் ஏற்றுக்கொண்ட 31.9 லட்சம் பீப்பாய்க்குப் போட்டுப் பார்த்தால் அது 1,370 கோடி டாலரைத் தாண்டுகிறது. குத்தகை நெல்லை அளக்கும் மரக்காலைக் குத்தகைக்காரர் தன் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அளப்பது இப்போது முக்கியமில்லை, அறுவடையைப் பார்ப்போம் என்று சொன்னால் நம் கிராமங்களில் யாருக்குத்தான் காரணம் புரியாமல் போகும்?

அபராதம் ஒருபுறம் இருக்கட்டும். கசிவை நிறுத்தும் பணிக்கே அந்த அளவு தேவைப்பட்டது. மே 26ஆம் தேதி, கனமான துளையிடு சேற்றைக் கிணற்றுக்குள் அழுத்தத்தோடு இறைத்து எண்ணெயைக் கீழே தள்ளி அடக்கும் முயற்சி தொடங்கியது. அது 60 முதல் 70 சதவீதம் வெற்றி பெறும் என்று தலைமை நிர்வாகி டோனி ஹேவர்ட் சொல்லியிருந்தார். முதல் நாள் இறைப்பு முடிந்த மாலையிலேயே நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், ஓட்டம் 15,000 பீப்பாய்க்கும் மேலே இருக்கிறது, இது அடங்காது என்ற பொருள்பட மேலதிகாரிக்குக் கைப்பேசியில் செய்தி அனுப்பினார். ஊருக்குச் சொல்லப்பட்டிருந்த எண் அப்போது 5,000. மே 29இல் முயற்சி தோற்றதாக அறிவித்தார்கள். பொறியாளரின் அந்தக் கைப்பேசிச் செய்தி வழக்கு நடந்தபோதுதான் வெளியே வந்தது. ஆனால் முயற்சி தோற்ற அன்றே கரையில் இருந்தவர்கள், உள்ளே ஓர் எண் வெளியே ஓர் எண் என்று பேசத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் ஊகித்ததைத்தான் பின்னாளில் ஆவணங்கள் உறுதி செய்தன. 2012 நவம்பரில், ஓட்டத்தின் அளவு குறித்து காங்கிரசுக்குத் தவறான தகவல் தந்து விசாரணைக்கு இடையூறு செய்த குற்றத்தை, 11 பேர் சாவுக்கான குற்றங்களோடு சேர்த்து நிறுவனமே ஒப்புக்கொண்டது. இதே விஷயத்தில் முதலீட்டாளர்களைத் தவறாக வழிநடத்தியதற்காகப் பங்குச் சந்தை ஆணையத்துக்கு 52.5 கோடி டாலர் கட்டவும் இசைந்தது. தனியாகக் குற்றம் சாட்டப்பட்ட துணைத் தலைவர் ஒருவரை நடுவர் குழு பின்னர் விடுவித்தது என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிட வேண்டும்.

அரசு ஏன் நிறுவனத்தை ஒதுக்கிவிட்டுத் தானே பொறுப்பேற்கவில்லை என்று கேட்கலாம். 1989இல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் தரைதட்டியதற்குப் பிறகு வந்த சட்டம், கசியவிட்டவரே துப்புரவுச் செலவை ஏற்க வேண்டும், அரசின் மேற்பார்வையில் அந்த வேலையையும் செய்ய வேண்டும் என்று வகுத்திருந்தது. செலவைப் பொறுத்தவரை அது நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரே கூட்டு அறையில் காவற்படை அதிகாரியும் நிறுவன அதிகாரியும் அருகருகே அமர்ந்து பேசியபோது, சொல்வது அரசா நிறுவனமா என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் போயிற்று. பி.பி.யை விலக்கிவிட்டு அந்த இடத்தில் யாரை வைப்பது என்று கசிவுப் பணிக்கு அரசின் சார்பில் தலைமை தாங்கிய தாட் ஆலன் வெளிப்படையாகவே கேட்டார். 1,500 மீட்டர் ஆழத்தில் வேலை செய்யும் கருவிகள் அரசிடம் இல்லை. எண்ணெய் எடுக்க உரிமம் தந்து, வருவாயையும் வாங்கி, பாதுகாப்பையும் கண்காணித்த கனிம மேலாண்மைத் துறையோ, பி.பி. தந்த அவசரகாலத் திட்டத்தை 2009இல் அப்படியே ஏற்றுக்கொண்டிருந்தது. மெக்சிகோ வளைகுடாவுக்காக எழுதப்பட்ட அந்தத் திட்டத்தில், காப்பாற்ற வேண்டிய உயிரினங்களின் வரிசையில் பெரிய தந்தங்கள் கொண்ட பனிக்கடல் விலங்கான வால்ரஸ் இடம்பெற்றிருந்தது! ஆலோசனை கேட்க வேண்டிய நிபுணர் ஒருவர் 2005இலேயே காலமாகிவிட்டவர். வேறு மூன்று பெரிய நிறுவனங்களின் திட்டங்களிலும் அதே வால்ரஸ் இருந்தது என்பது ஜூன் 15 காங்கிரஸ் விசாரணையில் வெளிப்பட்டது. படித்துப் பார்க்காமல் எழுதியவர் ஒருவர், படித்துப் பார்க்காமல் ஒப்புதல் தந்தவர் இன்னொருவர். நாளொன்றுக்கு 2,50,000 பீப்பாய் கசிந்தாலும் சமாளிப்போம் என்ற உறுதிமொழியும் அதே திட்டத்தில்தான் இருந்தது.

ஹேவர்டின் பேச்சுகளை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வளைகுடா மிகப் பெரிய கடல், அதன் மொத்த நீரோடு ஒப்பிட்டால் கொட்டும் எண்ணெய் மிகச் சிறிது என்று மே மாத நடுவில் சொன்னார். துப்புரவுத் தொழிலாளர்கள் நோயுற்றபோது உணவு நச்சானதாகவும் இருக்கலாம் என்றார். என் பழைய வாழ்க்கை எனக்குத் திரும்ப வேண்டும் என்று கணவரையும் மகனையும் இழந்த குடும்பங்கள் இருந்த மண்ணில் நின்று சொன்னார். இவற்றைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். என் பார்வையில் இவை இரண்டாம் தரமானவை. நாவடக்கம் உள்ள ஒருவர் அந்த இடத்தில் இருந்திருந்தாலும் அவநம்பிக்கை வந்தே தீர்ந்திருக்கும். அவர் சொன்னவற்றுள் முக்கியமானது வேறொன்று. எண்ணெய் மேற்பரப்பில்தான் இருக்கிறது, கடலுக்கடியில் எண்ணெய்த் திரள் எதுவும் இல்லை என்று மே 30ஆம் தேதி அவர் மறுத்தார். ஜார்ஜியா, தெற்கு புளோரிடா பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் ஆழ்கடலில் அத்தகைய திரள்களைக் கண்டதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜூன் 8ஆம் தேதி அரசின் கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகம் அதை உறுதிப்படுத்தியது.

கரையில் வாழ்ந்தவர்களுக்கு அவநம்பிக்கை இந்த எண்களால் மட்டும் வந்துவிடவில்லை. கையொப்பமிடத் தரப்பட்ட தாள்கள் வழியாகவும் வந்தது. இறால் பிடிக்கவும் சிப்பி எடுக்கவும் தடை வந்ததும், படகு வைத்திருந்தவர்களைத் துப்புரவு வேலைக்கு நிறுவனம் அழைத்தது. முதலில் தரப்பட்ட ஒப்பந்தத்தில், தங்கள் உரிமைகள் சிலவற்றை விட்டுக்கொடுக்கும் விதிகள் இருந்தன. நீதிமன்றத்துக்குப் போன பிறகு மே மாதத் தொடக்கத்திலேயே அவை நீக்கப்பட்டன. அலபாமாவில் 5,000 டாலர் வரை வாங்கிக்கொண்டு வழக்குத் தொடரும் உரிமையைக் கைவிடும்படியான தாள்கள் புழங்குவதாக அறிந்த அம்மாநிலத் தலைமை வழக்கறிஞர், அவற்றை நிறுத்தும்படி நிறுவனத்தைக் கேட்டுக்கொண்டார். இறால் படகுக்காரர்களில் கணிசமானோர் 1975க்குப் பிறகு அங்கே குடியேறிய வியட்நாமியர்கள். ஆங்கிலத் தாளை வாசித்துப் புரிந்துகொள்வது அவர்களில் மூத்தவர்களுக்கு எளிதன்று. ரொக்கத்தில் நடந்த வியாபாரத்துக்குப் பற்றுச்சீட்டுக் காட்டுவதும் எளிதன்று. தவறு திருத்தப்பட்டது உண்மைதான். ஆனால் முதலில் நீட்டப்பட்ட தாளைத்தான் மனிதர்கள் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்.

இழப்பீட்டிலும் இதே கதை. ஜூன் 16இல் வெள்ளை மாளிகையில் நடந்த பேச்சுக்குப் பின், 2,000 கோடி டாலரைத் தனி நிதியாக ஒதுக்க பி.பி. இசைந்தது. இது சிறிய தொகை அன்று. சட்டம் அப்போது கட்டாயப்படுத்திய அளவுக்கு மேலானதும்கூட. அதைப் பகிர்ந்தளிக்க, செப்டம்பர் 11 தாக்குதல் இழப்பீட்டைக் கையாண்டு பெயர்பெற்ற கென்னத் ஃபைன்பெர்க் அமர்த்தப்பட்டார். தாம் நடுநிலையாளர், பி.பி.க்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்று அவர் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். அவருடைய சட்ட நிறுவனத்துக்கு மாதம் 8,50,000 டாலர் தந்ததோ பி.பி. தாம் பி.பி.யிடமிருந்து சுதந்திரமானவர் என்று ஃபைன்பெர்க் இனிச் சொல்லக் கூடாது என்று, கசிவு வழக்குகளை விசாரித்த நீதிபதி கார்ல் பார்பியர் 2011 பிப்ரவரியில் ஆணையிட்டார். ஃபைன்பெர்க் நேர்மையற்றவர் என்று நான் சொல்லவில்லை. நீதிபதியும் அப்படிச் சொல்லவில்லை. சம்பளம் தருபவர் யார் என்பதை மனுச் செய்பவரிடமிருந்து மறைக்கக் கூடாது என்பதே ஆணையின் சாரம்.

இந்த இடத்தில் நிறுவனத்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். ஏனென்றால் அவநம்பிக்கைக்கு ஒரு விலையும் இருந்தது. எண்ணெயைச் சிறு துளிகளாகச் சிதறடிக்க கோரெக்சிட் என்ற இரசாயனம் மொத்தம் சுமார் 18.4 லட்சம் கேலன் பயன்படுத்தப்பட்டது. அதில் 7.71 லட்சம் கேலன் கிணற்றின் வாயருகே, ஆழ்கடலிலேயே செலுத்தப்பட்டது. அதற்கு முன் இந்த அளவில் யாரும் செய்து பார்க்காத காரியம் அது. நச்சுத்தன்மை குறைந்த வேறொன்றைத் தேர்ந்தெடுக்கும்படி மே 20ஆம் தேதி சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை உத்தரவிட்டது. இதைவிடப் பொருத்தமானது கிடைக்கவில்லை என்று நிறுவனம் பதில் தந்து, அதையே தொடர்ந்து பயன்படுத்தியது. முகமை பின்னர் தானே செய்த சோதனையில், கோரெக்சிட் மற்றவற்றைவிடக் கூடுதல் நச்சுடையதாகத் தெரியவில்லை. அதாவது நிறுவனம் சொன்னதில் ஓரளவு உண்மை இருந்தது. கலவையில் என்னென்ன இருக்கின்றன என்பது வணிக இரகசியமாக வைக்கப்பட்டிருந்த வாரங்களில் அந்த உண்மையை யார் ஏற்றிருப்பார்கள்? ஒரு கடற்கரையில் தொலைக்காட்சிக் குழுவைத் திருப்பி அனுப்பிய படகில் காவற்படையினரும் இருந்தார்கள், இது பி.பி.யின் விதி, எங்களுடையது அன்று என்று ஒருவர் சொன்னது ஒளிப்பதிவில் பதிவாகியிருக்கிறது. பிறகு, தடுப்பு மிதவைகளிலிருந்து 65 அடிக்குள் அனுமதியின்றி நெருங்கினால் 40,000 டாலர் வரை அபராதம் என்ற அறிவிப்பு வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் செய்தியாளர்களுக்குத் தளர்த்தினார்கள்.

ஜூலை 15ஆம் தேதி புதிய மூடி கிணற்றை அடைத்தது. அது உண்மையான பொறியியல் சாதனை. அதையும் மக்கள் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். ஆகஸ்ட் 4இல், எண்ணெயின் பெரும் பகுதி போய்விட்டது என்று வெள்ளை மாளிகை அதிகாரி ஒருவர் சொன்னபோது, கரைந்ததையும் சிதறியதையும் ஒழிந்ததாகக் கணக்கில் சேர்ப்பதா என்று பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கேட்டார்கள். மீன், இறால் மாதிரிகளில் கிட்டத்தட்ட எல்லாமே பாதுகாப்பு வரம்புக்கு மிகவும் கீழே இருந்தன என்று சோதனைகள் காட்டின. ஆயினும் நுகர்வோர் அவற்றை வாங்கத் தயங்கினார்கள். ஆகவே நிறுவனத்தின் சொல் மதிப்பிழந்ததில், அந்த நிறுவனத்தை நம்பாத அதே மீனவரின் இறாலும் விலைபோகாமல் நின்றது. முதலில் கசிவின் அளவையும் கடைசியில் எஞ்சிய எண்ணெயின் அளவையும் குறைத்துக் காட்டியதால், திறமை போதவில்லை அல்லது உண்மை பேசவில்லை என்ற எண்ணத்தை அரசே உண்டாக்கிவிட்டது என்று குடியரசுத் தலைவர் அமைத்த விசாரணைக் குழுவின் பணியாளர்கள் எழுதினார்கள்.

லூயிசியானா மக்களை எண்ணெய்த் தொழிலின் எதிரிகள் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே வீட்டில் ஒருவர் துளையிடும் மேடையிலும் மற்றவர் இறால் படகிலும் வேலை செய்யும் ஊர்கள் அவை. ஆழ்கடல் துளையிடலுக்கு அரசு ஆறு மாதத் தடை விதித்தபோது, அதை எதிர்த்து ஜூலையில் லஃபயெட் நகரில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். எண்ணெய் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. கசிவைப் பற்றிய கணக்கை வேறு யாராவது பார்க்க வேண்டும் என்றார்கள். இந்த நுணுக்கம் வெளியூர்ச் செய்திகளில் பெரும்பாலும் தவறிப்போனது.

கணக்கை இறுதியில் நீதிமன்றம்தான் பார்த்தது. கடலில் கலந்தது 24.5 லட்சம் பீப்பாய் என்று நிறுவனம் வாதிட்டது. 42 லட்சம் என்று அரசு வாதிட்டது. 40 லட்சம் பீப்பாய் கிணற்றை விட்டு வெளியேறியது, அதில் 8.1 லட்சம் பிடித்துச் சேகரிக்கப்பட்டது, மீதி கடலுக்குப் போனது என்று 2015 ஜனவரியில் பார்பியர் தீர்ப்பளித்தார். கடும் அலட்சியம் என்று அவர் அதற்கு முந்தைய செப்டம்பரிலேயே முடிவு செய்திருந்தார். பின்னர் ஏற்பட்ட சமரசத்தின் மொத்தத் தொகை 2,080 கோடி டாலர். அதில் தண்ணீர் மாசுச் சட்டத்தின் கீழான அபராதம் 550 கோடி.

கடைசியாக ஒரு நிகழ்ச்சி. கசிவு நடந்துகொண்டிருந்த மே மாதத்திலேயே, அதன் விளைவுகளை ஆராய 10 ஆண்டுகளுக்கு 50 கோடி டாலர் தருவதாக பி.பி. அறிவித்தது. அதே கோடையில் வழக்குக்காகத் தன் தரப்பில் விஞ்ஞானிகளை அமர்த்தவும் அது முயன்றது. மூன்றாண்டுகளுக்கு முடிவுகளை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை அந்த ஒப்பந்தத்தில் இருந்ததாகச் செய்தி வந்ததும் கல்வியுலகம் கொதித்தது. 50 கோடி டாலர் நிதிக்கு மட்டும் ஏற்பாடு வேறாக அமைந்தது. வாரியத்தின் உறுப்பினர்களில் பாதிப் பேரை நிறுவனமும் மறுபாதியை வளைகுடா மாநிலங்களின் கூட்டமைப்பும் நியமித்தன. ரீட்டா கோல்வெல் என்ற நுண்ணுயிரியல் அறிஞர் தலைமை ஏற்றார். எந்த ஆய்வுக்குப் பணம் தருவது என்பதை அந்த வாரியமே தீர்மானித்தது. நிறுவனத்தின் இசைவைக் கேட்காமல் முடிவுகளை வெளியிடலாம். தரவுகள் அனைத்தையும் எல்லோரும் பார்க்கும்படி பொதுவில் வைத்துவிட வேண்டும். பணம் முழுவதும் பி.பி.யுடையது, அளவுகோல் மட்டும் பிறர் கையில் இருந்தது. அந்தப் பணத்தில் நடந்த ஆய்வுகளும் சேர்ந்துதான், மேற்பரப்பில் மட்டுமே இருப்பதாகச் சொல்லப்பட்ட எண்ணெயில் ஒரு பகுதி, இறந்த நுண்ணுயிர்களோடும் கழிவுத் துகள்களோடும் ஒட்டிக்கொண்டு மெல்ல இறங்கி, ஆழ்கடலின் தரையில் படிந்தது என்பதை நிறுவின. நன்றி, வணக்கம்.